மண் குடித்த தண்ணீர்

2024 நவம்பர் 30, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். முந்தின இரவிலிருந்து விடாத மழை. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி சுழன்று அடித்தது. கோவில்பதாகையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஒரு கையால் தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் முறுக்கு சம்படத்தோடு நின்றிருந்தேன். சம்படத்தில் பாதிகூட நிறையவில்லை. கீழே தெருவில் தண்ணீர் போன வருஷத்தைவிட உயரமாக நின்றது.

மழை குறைவு, தண்ணீர் அதிகம். எழுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை. சம்படத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மறுபடி பார்த்தேன். மழையில் கண்ணாடியைத் துடைப்பதில் பயன் இல்லை என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

சம்படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்யும் தொழிற்சாலையில் அளவுப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வருகிற உதிரிப் பாகம் சொன்ன அளவுக்கு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒரு முத்திரை, இல்லாவிட்டால் ஒரு முத்திரை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மழை பெய்தால் எவ்வளவு பெய்தது என்று தெரிந்தாக வேண்டும். வானொலியில் சொல்கிற அளவு எங்கேயோ வைத்திருக்கும் மானியில் எடுத்தது. எங்கள் தெருவில் கொட்டும்போது கொரட்டூரில் வெயில் அடிக்கும். அதனால் பக்கம் நேராக இருக்கிற எவர்சில்வர் சம்படம் ஒன்றை மாடியில் செங்கல் முட்டுக் கொடுத்து வைத்தேன். "முறுக்கை எதில் போடுறது, உங்க தலையிலயா?" என்று மனைவி கேட்டாள். அந்த வருஷம் முறுக்கு பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போனது.

2023 டிசம்பரில் பெய்த மழையில் சம்படம் நிரம்பி வழிந்துவிட்டது. ஆகவே அன்று எவ்வளவு பெய்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு சம்படத்துக்குக் குறையாது என்று மட்டும் சொல்லலாம். அன்று விடிவதற்குள் எங்கள் கூடத்தில் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டது. நாங்கள் மனை வாங்கியபோது வீட்டுத் தரை சாலையைவிட உயரம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய சாலை, அதன்மேல் இன்னொரு சாலை என்று போட்டுப் போட்டு, தரை சாலைக்கு ஓர் அடி கீழே போயிருந்தது. தெருவிலேயே பள்ளம் எங்கள் மனைதான்.

மனைவிக்கு மூட்டு மாற்று அறுவை நடந்து அப்போது ஐந்தாவது வாரம். எதிர்வீட்டு ஷேர் ஆட்டோக்காரரும் அவருடைய மச்சானும் இடுப்புக்குக் கீழே நனைந்து வந்து, அவளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு கால்களையும் பிடித்துத் தூக்கினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுதாள்.

"இன்னாத்துக்கம்மா அழுவுற? சாமி பொறப்பாடு மாரி கீது. சிரிச்சிகினே வா," என்றார் ஆட்டோக்காரர். "டேய் மச்சான், உன் பக்கம் சாயுது, தூக்கிப் புடி. அம்மா வுயுந்தா உங்கக்கா என்னைத் தோசையா ஊத்திடுவா."

அவருடைய மனைவி எதிர்வீட்டின் முன்னறையில் இட்லி மாவு அரைத்து விற்பவர். இரண்டு பெரிய கிரைண்டர், ஒரு குளிர்ப்பெட்டி, வாசலில் தராசு. அவர்கள் கடைக்கு நான்கு படி. டிசம்பர் தண்ணீர் இரண்டாவது படியோடு நின்றுவிட்டது. அங்கேதான் இரண்டு நாள் இருந்தோம். மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பி, சேறு படிந்த கட்டிலைப் பார்த்ததும் என் மனைவி ஒரே வாக்கியம் சொன்னாள்.

"இன்னொரு தடவை தண்ணி கேட்டைத் தாண்டி உள்ள வந்துச்சுன்னா, நான் கோயம்புத்தூர்ல மக வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன். நீங்க இருந்து அளந்துக்கிட்டு இருங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஐம்பது வருஷத்தில் அவள் மாற்றிக்கொண்ட வாக்கியங்களை ஒரு கை விரல்களில் அடக்கிவிடலாம்.

வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவதென்று முடிவு செய்தேன். ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் இப்போது இது சாதாரணம். அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை அறுத்து, கீழே ஜாக்கிகளை வரிசையாக வைத்து, ஒருவர் விசில் ஊத எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு திருகு திருகினால் வீடு நூல் நூலாக எழும்பும். வடக்கத்தி மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "மூணு அடி, நாலு அடி, அஞ்சு அடி, நீ சொல்லு சார், நாங்க தூக்கும்," என்றார். எத்தனை அடி என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. குறைவாகத் தூக்கினால் மனைவி கோயம்புத்தூர். அதிகமாகத் தூக்கினால் படி அதிகம், மூட்டு தாங்காது. தண்ணீர் உண்மையில் எவ்வளவு உயரம் வரும் என்று சரியாகத் தெரிய வேண்டும்.

பிப்ரவரியில் மழைநீர் வடிகாலுக்கு அளவெடுக்க ஒரு பெண் பொறியாளர் தெருவுக்கு வந்தார். என் மகள் வயதுகூட இருக்காது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"இந்தத் தெருவுக்கு டேட்டா எதுவும் இல்ல சார். மழை மானி தூரத்துல இருக்கு. பழைய வாய்க்கால் மேப் கெடைக்கல. சுவத்துல தண்ணி நின்ன கறை இருந்தா அதை வெச்சு அளப்போம். உங்க தெருவுல ஒரு கறைகூட இல்லையே?"

எப்படி இருக்கும்? டிசம்பரில் வெள்ளம், ஜனவரியில் போகி. முப்பத்தொன்பது வீட்டிலும் சுண்ணாம்போ பெயிண்ட்டோ அடித்தாகிவிட்டது. தண்ணீர் எழுதிவைத்த ஒரே சாட்சியை நாங்களே பண்டிகைக்காக அழித்திருந்தோம். எங்கள் சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுத்தவனே நான்தான்.

"அப்ப என்னம்மா செய்வீங்க?"

"ஜனங்களைக் கேக்கறதுதான் சார். முட்டி வரைக்கும், இடுப்பு வரைக்கும்னு சொல்வாங்க. சராசரி எடுத்துக்குவோம்."

முட்டி என்றால் யார் முட்டி? ஒருவருக்கொருவர் நான்கு விரற்கடை வித்தியாசம் வரும். சராசரி என்ற சொல்லையே எங்கள் பிரிவில் கெட்ட வார்த்தையாக வைத்திருந்தோம். மறுநாளே அங்குல நாடாவோடு கிளம்பினேன். டிசம்பரில் எங்கே நின்றீர்கள், தண்ணீர் எதுவரை இருந்தது என்று கேட்பது. அவர்களை அதே இடத்தில் நிற்கவைத்து, காலில் அந்த இடத்தைத் தரையிலிருந்து அளப்பது. இதுதான் என் முறை.

முதலில் எதிர்வீடு. மாவுக்காரப் பெண்மணி என் நாடாவைப் பார்த்தார்.

"இன்னா சார், டேப்ப எடுத்துகினு பொம்பளைங்க காலு அளக்க வன்ட்ட? ஊட்ல அக்காவுக்குத் தெரியுமா?"

"வெள்ளத்துக்கு அம்மா, வெள்ளத்துக்கு."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்கோ."

அவருடைய கணவர் ஆட்டோவுக்குள் படுத்தபடி தலையை மட்டும் நீட்டினார். "நைனா, முட்டின்னா நின்னுகினு கீற முட்டியா, ஒக்காந்துகினு கீற முட்டியா? எனக்கு ரெண்டும் வேற வேற."

பெண்கள் காலை அளக்க மனைவி வந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போக, அவள் வீடு வீடாக உட்கார்ந்து அளந்தாள். வந்த நோக்கம் பாதி மறந்து, எல்லா வீட்டிலும் மூட்டு வலி பற்றிப் பேச்சு. "உங்க முட்டி எவ்வளவுக்கா?" என்று யாரோ கேட்டதற்கு, "என்னோடதை அளக்காதீங்க, இது கம்பெனி முட்டி," என்றாள்.

இருபத்தாறு பேர் கிடைத்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு தெரு முனையில் சாலைக்கு ஒட்டுப் போட்டிருந்தார்கள்; அந்தக் கனத்தை அளந்து அங்கே நின்றவர்களின் கணக்கில் கூட்டினேன். பிறகு கொத்தனார்கள் வைத்திருப்பது போன்ற மட்ட ட்யூப் வாங்கினேன். தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாய். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதைக் கொண்டு அத்தனை முட்டியையும் தொடையையும் கணுக்காலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மொத்தமும் இரண்டு விரற்கடைக்குள் ஒத்துப்போயிற்று. தெரு முனையில் ஆட்டோக்காரரின் கணுக்காலும், பள்ளத்தில் பால்காரரின் தொடையும், நடுவில் தையல்கார அம்மாவின் முட்டியும் ஒரே கிடைக்கோட்டில் நின்றன. தொழிற்சாலையில் இறக்குமதிக் கருவிகளை வைத்துக்கொண்டு நாங்கள் அடிக்கடி தவறவிட்டதை, பயந்து ஓடிய மனிதர்களின் கால்கள் நினைவில் வைத்திருந்தன.

அதோடு விட்டிருக்கலாம். கணக்கு இரண்டு வழியில் வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். இரண்டாவது வழி: வானத்திலிருந்து. தெருவின் மாடிகள், தகரக் கூரைகள், சாலை, சிமெண்ட் போட்ட முற்றங்கள் எல்லாவற்றின் பரப்பையும் கூட்டி, ஒரு சம்பட மழையால் பெருக்கினேன். அந்தத் தண்ணீர் முழுதும் தெருவில் தங்கினால் எவ்வளவு உயரம் வரும்? நெஞ்சு வரை வந்தது. முட்டிகள் முட்டி என்கின்றன. கணக்கு நெஞ்சு என்கிறது. பாதிக்கு மேல் தண்ணீரைக் காணோம்.

மூன்று முறை போட்டேன். அதே விடை. கடைசியில், மிஞ்சிய தண்ணீருக்கு நேராக "மண் குடித்தது" என்று எழுதினேன். எழுதியதும் இரண்டு வழியும் ஒத்துப்போயின. எதிர்வீட்டு ஆட்டோக்காரரிடமும் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

பொறியாளர் அடுத்த முறை வந்தபோது பெருமையோடு காட்டினேன். முட்டிக் கணக்கைப் பார்த்து உண்மையாகவே வியந்தார், படம்கூட எடுத்துக்கொண்டார். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தார்.

"எந்த மண் சார்? தெரு முழுக்க சிமெண்ட் இல்ல?"

"ஓரத்துல எல்லாம் இருக்கேம்மா."

"அவ்வளவு தண்ணி குடிக்குமா சார்?"

குடிக்கும் என்றேன். கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன். அவர் அடுத்த தெருவை அளக்கப் போனார். அந்த வடிகாலும் எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை.

நான்கு அடி தூக்கினோம். மே மாதம். விசில் ஊத ஊத வீடு எழுந்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. "சார் மலை மேல குடி போறாரு. இனிமே மாவு வோணும்னா கயித்துல கூடை கட்டி எறக்கு சார்," என்றார் மாவுக்காரப் பெண்மணி. வீட்டுக்கடியிலும் முற்றத்திலும் எங்கள் மனைக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடும் சந்திலும் கிராவல் கொட்டி நிரப்பினோம். பின்பக்கம் காம்பவுண்டுச் சுவரின் அடியில் செங்கல் உதிர்ந்து ஒரு பொந்து இருந்தது. ஆள் தவழ்ந்து போகும் அளவு. பாம்பு வரும் என்று மனைவி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் அடைத்து, சுற்றிலும் சுவரைப் புதிதாக உயர்த்திக் கட்டினோம். மூட்டுக்காகத் தாழ்ந்த படிகள், இரு பக்கமும் கைப்பிடி. அவள் முதல் முறை ஏறி வந்து கூடத்தின் நடுவில் நின்று, "சரி" என்றாள்.

இனி நவம்பர் 30-க்கு வருகிறேன்.

அன்று காலை கூடத்துத் தரையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. கேட்டுக்கு வெளியே சாலைத் தண்ணீர், கிராவல் கொட்டி உயர்த்திய என் புது வாசல் சரிவில் மோதி நின்றது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மனைவி காபி கொடுத்தாள், சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில்தான் சம்படத்தைப் பார்க்க மாடிக்குப் போனேன்.

மாடியிலிருந்து முன்பக்கம் பார்த்தால் எதிர்வீட்டுக் கடை தெரியும். தண்ணீர் இரண்டாவது படியில் இல்லை. நான்கு படியும் தெரியவில்லை. பாதி ஏற்றிய ஷட்டருக்கு அடியில் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைக்குள்ளேயே சுற்றினார்.

சம்படத்தில் பாதி. தெருவில் போன வருஷத்தைப்போல் இரண்டு மடங்கு.

எதற்கென்று தெரியாமல் பின்பக்கம் திரும்பினேன். எங்கள் மனைக்குப் பின்னால் ஒரு காலி மனை, அதற்கப்பால் ஏரிக்குப் போகும் வாய்க்கால். காலி மனையில் புல் தெரிந்தது. வாய்க்கால் பாதிதான் ஓடியது. இன்னும் இவ்வளவு கொள்ளும் என்று கரை தெரிந்தது. முன்னால் கடல், பின்னால் காலி வாய்க்கால். இரண்டுக்கும் நடுவில் என் வீடு, சுற்றிலும் என் புதுச் சுவர்.

போன டிசம்பரில் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்து நின்றது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது நிற்கவே இல்லை. கேட்டில் நுழைந்து, கூடத்தில் புகுந்து, சந்தில் இறங்கி, அந்தப் பொந்து வழியாகக் காலி மனைக்கும் வாய்க்காலுக்கும் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே கலங்கிய பழுப்புத் தண்ணீர். அதன் ஓட்டம் யார் கண்ணுக்குத் தெரியும்? கட்டிலைத் தொட்டதுதான் தெரிந்தது. தெருவுக்கு வடிகாலே இல்லை என்று பொறியாளர் முதல் கவுன்சிலர் வரை எல்லோரிடமும் புலம்பியிருக்கிறேன். இருந்தது. அதில்தான் நாங்கள் குடியிருந்தோம்.

காணாமல் போன பாதித் தண்ணீருக்கு "மண் குடித்தது" என்று எழுதி முத்திரை போட்டேன். பிறகு நாலடி கிராவலும் சிமெண்டும் கொண்டுபோய் அது போன வழியை அடைத்தேன்.

கீழே இறங்கி ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு; தொடை அளவுத் தண்ணீரில் எதிர்வீட்டுக்கு நடந்தேன். கிரைண்டர் இரண்டின் மோட்டாரும் முழுகிவிட்டன. ஊறவைத்த அரிசி, உளுந்து எல்லாவற்றிலும் சாக்கடை. மாவுக்காரப் பெண்மணி தராசை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார் இது? போன வருசம் எம்மாம் பேஞ்சுது, அப்பகூட படி தாண்டலியே! எங்கேந்து சார் வருது இவ்ளோ தண்ணி?"

எங்கிருந்து என்று தெரிந்த ஒரே ஆள் அந்தத் தெருவில் நான்தான். "நம்ம வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஆட்டோக்காரரும் நானும் மூட்டைகளை மாற்றினோம். கிரைண்டரை அவர் தனியாகத் தூக்கினார், என்னைத் தொட விடவில்லை. "நைனா, நீ வுயுந்தா உன்னயும் நாக்காலில வெச்சித் தூக்கணும். எனக்குக் கை ரெண்டுதான் கீது."

மாலை வரை மழை விடவில்லை. எங்கள் காய்ந்த கூடத்தில் அவர்களுடைய குடும்பம், நனைந்த மூட்டைகள், கவிழ்த்து வைத்த கிரைண்டர்கள். சமையலறையில் மனைவி ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். அங்கே போய்ச் சொன்னேன். பொந்து, வாய்க்கால், சம்படம், எல்லாவற்றையும். வழியைத் திறக்க வேண்டும். திறந்தால் ஒவ்வொரு பெரிய மழைக்கும் தண்ணீர் கேட்டைத் தாண்டி நம் சந்து வழியாகப் போகும் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே கோயம்புத்தூர் ரயில் நேரங்கள் மனசில் ஓடின.

அவள் கரண்டியை நிறுத்தினாள். "அந்தப் புள்ள என்னை நாற்காலில தூக்கிட்டுப் போனாரே, அதே வீட்டையா முழுக வெச்சோம்?"

"ஆமா."

அடுப்பை அணைத்தாள். ரவை கருகும் வாசனை வந்தது.

"சந்து எத்தனை அடி?"

"மூணடி. நீளம் அறுபது."

"தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு சொன்னேன். இப்பவும் அதான் சொல்றேன். ராத்திரி அந்தச் சத்தம் சுவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டா என்னால படுக்க முடியாது. சுவத்தை மூணடி உள்ள தள்ளிக் கட்டுங்க. வெளிய இருக்கிறது தண்ணிக்கு."

"அது நம்ம நிலம்."

"நம்ம வாங்கினப்பவே தண்ணி அதுல போயிட்டுத்தானே இருந்துச்சு? எத்தனை வருஷமா அளக்கறீங்க, அதைப் பாக்கலியே."

பிறகு கூடத்துக்குப் போய், உப்புமா ஆறுவதற்குள் எதிர்வீட்டுக்காரர்களிடம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். என்னைச் சொல்ல விடவில்லை. ஆட்டோக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப, மண்ணு குடிக்கலயா நைனா?"

"இல்லப்பா."

"நான் வேற ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன், எங்க தெரு மண்ணு செம தாகம்னு."

அவருடைய மனைவி சிரிக்கவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவும் இல்லை. மோட்டார் சரியாகி வந்த அன்று, எங்கள் வீட்டுக்கு ஒரு கிலோ மாவு அனுப்பினார், காசு வாங்காமல். அதுதான் பேச்சு.

பொங்கல் முடிந்து வேலை தொடங்கினோம். எட்டு மாதம் முன்னால் கட்டிய சுவரை நானே நின்று இடிக்கவைத்தேன். கிராவலை அள்ளி, அடியில் காங்கிரீட் போட்டு, சாலையிலிருந்து காலி மனை வரை சரிவு கொடுத்தோம். மட்ட ட்யூப் மறுபடி உதவியது. காலி மனைக்காரர் வெளிநாட்டில். போனில் சொன்னேன், வீடு கட்டும்வரை போகட்டும் என்றார்.

இந்த ஐப்பசியில் பெருமழை பெய்த ஒரு பகலில் மாடியில் நின்று பார்த்தேன். தெருத்தண்ணீர் வந்தது, புதுச் சுவரை ஒட்டித் திரும்பியது, ஓசையோடு பின்னால் போயிற்று. எதிர்வீட்டில் இரண்டாவது படி நனையவில்லை. கிரைண்டர் ஓடும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. கீழே மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூருக்குத் தீபாவளிக்குப் போய்விட்டு நான்காம் நாளே திரும்பிவிட்டாள்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: வீட்டைத் தூக்கியது, நிரப்பித் தளம் போட்டது, சுவரை இடித்துக் கட்டி வாய்க்கால் போட்டது, எதிர்வீட்டு மோட்டார்கள், மட்ட ட்யூப். மூன்றடி நிலத்தின் விலையைச் சேர்க்கக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டதால் சேர்க்கவில்லை. ஆக மொத்தம் ஏழு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.